ஆடாமல் பிடி

புது டிஸ்க்குக்கு அவன் குங்குமம் வைத்தான்.

பைக்குக்கு வைத்தான், வாஷிங் மெஷினுக்கு வைத்தான், இதற்கும் வைத்தான். உள்ளங்கை அளவுகூட இல்லாத எஸ்.எஸ்.டி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் செய்கிற எதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்து வெகுகாலம் ஆயிற்று.

ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையில் பழைய லேப்டாப். அதன் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகல் எடுக்க வேண்டும். பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டானாம். கடையில் கொடுக்க மாட்டான். கடைக்காரன் உள்ளே பார்த்துவிட்டால்?

உள்ளே இருந்தது அவள்தான்.

அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். அவள் கத்தியது, அழுதது, தட்டை விட்டெறிந்தது. அலமாரியில் மொபைலைச் சாய்த்துவைத்து அவன் எடுத்த வீடியோக்கள். அவள் கத்துவதற்கு முன்னால் அவன் பேசிய பேச்சை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தான்.

குடும்ப நீதிமன்றத்தில் இதைக் காட்டி, இவளுக்குப் புத்தி சரியில்லை, பிள்ளை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறான். அவளிடமே சொன்னான், சாம்பாரில் உப்பில்லை என்பதைப் போல. வெட்டி ஒட்டும்போது லேப்டாப் உயிரை வாங்கியது. அதற்குத்தான் எஸ்.எஸ்.டி.

வேறெங்கும் நகல் கிடையாது. நெட்டில் ஏற்றினால் யாராவது திருடிவிடுவார்களாம்.

புது டிஸ்க்கை லேப்டாப்போடு இணைத்த கேபிள் லூஸ். விட்டால் புது டிஸ்க் திரையிலிருந்து காணாமல் போனது. அவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

திரையில் இரண்டு வரிகள். மேல் வரியில் உள்ளதிலிருந்து கீழ் வரியில் உள்ளதற்கு நகல் போகும் என்று பளிச்சென்று போட்டிருந்தது. சரியென்றால் 'ஒய்' தட்டச் சொல்லியிருந்தது.

மேல் வரியில் அவன் போட்டிருந்தது புது டிஸ்க்கை. புதுசுதானே முதலில் வரவேண்டும். குங்குமம் வைத்தவன் அல்லவா.

காலி டிஸ்க்கை எடுத்து, நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதச் சொல்லியிருந்தான்.

"ஏங்க, எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க."

வாய் தவறி வந்துவிட்டது. கட்டிக்கொண்ட பழக்கம்.

"உன்னக் கேட்டனா? என் கை ஒழியலன்னுதான் கூப்பிட்டேன், புத்தி சொல்ல இல்ல. 'ஒய்'யத் தட்டுடி."

தட்டினாள்.

மென்பொருளுக்கு அவனைவிட மரியாதை தெரிந்திருந்தது. இன்னொரு முறை கேட்டது. பழைய டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். நிச்சயம்தானா?

அனைத்தும்.

மகள் நறுமுகை முதன்முதலில் நடந்த வீடியோவும் அதில்தான் இருந்தது. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு அம்மாவை நோக்கி வருவாள். பாதி வழியில் தொப்பென்று உட்காருவாள். அதற்கு ஒரு சிரிப்பு.

உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்ட நறுமுகை, கார்ட்டூனைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?"

தட்டினாள்.

பச்சைக் கோடு ஒன்று ஊர ஆரம்பித்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கொஞ்ச நேரத்தில் தோளை அசைத்தான். கை கடுத்திருக்க வேண்டும்.

"வா, இதப் பிடி. ஆடக் கூடாது. துளி ஆடுனாலும் நின்னுடும்."

கேபிள் அவள் கைக்கு வந்தது. அவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

விரலைத் தளர்த்தினால் போதும். நின்றுவிடும். நடந்து வந்த குழந்தை தப்பினாலும் தப்பும். கூடவே மற்றதும்.

அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள். கல்யாணமானதிலிருந்து அவன் சொன்ன எதையும் அவள் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

"அம்மா, இங்க வந்து பாரேன்!"

"வர்றேன்டா கண்ணு. இது முடியட்டும்."

கை ஆடவில்லை.