பின் கன்னுக்குப் பொட்டு

மரத்தில் பின் அடிக்கும் 'பின் கன்' மிஷினைப் பூஜையில் வைத்திருந்தபோது, அதில் இருந்து ரமாபாய் சந்தனத்தைத் துடைத்ததைச் செல்லம்மா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். ரமாபாயும் இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது?

"பூஜையில வெச்ச சாமான இன்னாத்துக்குமா தொட்ட?" முதலாளி கருணாகரனின் குரல் தெருவரை கேட்டது. அவர் சட்டையில் உதயாவின் ரத்தம் இன்னும் காயவில்லை. "இப்போ பாரு, ஒருத்தன் கைய பதம் பாத்துடுச்சி."

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஷட்டர் அதிரும் சோபா பட்டறை அது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்து பின் அடிப்பது ரமாபாய்க்கும் உதயாவுக்கும் வேலை. ஆளுக்கொரு பேட்டரி கன் உண்டு, இரண்டும் ஒரே அச்சு.

ஆயுத பூஜையன்று பட்டறையில் இருந்த அத்தனை சாமானும் பலகை ஏறின. கருணாகரன் துளியும் கஞ்சத்தனம் பார்க்காமல் சந்தனத்தைக் குழைத்து சுத்தியல், கத்தரிக்கோல், பின் கன் என்று எல்லாவற்றின் மூக்கிலும் அப்பினார். அவர் செய்யும் பராமரிப்பு வருஷத்துக்கு அந்த ஒன்றுதான்.

ரமாபாய் வியாசர்பாடி. அவள் வீட்டில் மாட்டியிருப்பது புத்தர் படம். பூஜை நேரத்தில் ஓரமாக நிற்பாள், பொரி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். நாலு வருஷமாக யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் பொரி துன்னுகினு கீறோம். இவ மட்டும் பலகையாண்ட குந்திகினு, பேட்டரிய கழட்டி அலமாரில வெச்சிட்டு, துணியால தொடச்சிகினு இருந்தா," என்றாள் செல்லம்மா. சோபாவுக்கு உறை தைப்பவள் அவள். "அப்பவே நெனச்சேன், இது இன்னாத்துல போயி முடியுமோன்னு."

"மரத்துல வெச்சி மூக்கு அமுங்குனாதான் பின்னு வரணும் அண்ணா, அதான் அதுக்குப் பாதுகாப்பு," என்றாள் ரமாபாய். "சந்தனம் உள்ள பூந்து காஞ்சா மூக்கு அமுங்குனது அமுங்குனபடி மாட்டிக்கும். அப்பறம் ட்ரிகர்ல வெரலு பட்டாலே அடிச்சிடும். அதுக்குத்தான் தொடச்சேன்."

"ஓகோ, எஞ்சினீயரம்மா! நீதான் தொடச்சியே, அப்பறம் ஏன் அடிச்சிச்சி?"

ரமாபாய் வாயைத் திறந்தாள். மேஜைக்கடியில் சிதறிக் கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். லீவு முடிந்து ஷட்டரைத் தூக்கியதும் உதயா பலகையில் இருந்த கன்னை எடுத்தான். ட்ரிகரில் விரலை வைத்தபடியே நடக்கும் பழக்கம் அவனுக்கு. வேண்டாம்டா என்று ரமாபாய் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நடந்துகொண்டே அதன் மூக்கில் சுற்றியிருந்த பூவை இடது கையால் உருவினான். டக், டக் என்று இரண்டே சத்தம். கட்டைவிரல் அடியில் இரண்டு பின் இறங்கிவிட்டது.

முதலில் ஓடிப்போய் அவன் கையைத் தன் மடியில் வைத்துத் துணி சுற்றியது ரமாபாய்தான். உதயா அவளுக்குத் தம்பி முறை இல்லை, ஆனால் தம்பிதான். காசிமேட்டில் இருந்து அவன் கொண்டுவரும் மீன் குழம்பில் பாதி தினமும் அவள் தட்டுக்கு வரும், அவள் பொரியலில் பாதி அவன் தட்டுக்குப் போகும். அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகுதான் அவள் தன் கையில் இருந்த ரத்தத்தைக் கழுவினாள்.

கருணாகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் இறங்கி, குரலும் இறங்கியிருந்தது.

"உன் வேலைய நான் கொற சொல்ல மாட்டேன் ரமா. ஆனா இனிமே நீ மிஷின தொட்டா இங்க யாருக்கும் மனசு ஒப்பாது. இன்னியோட நின்னுக்கமா."

கத்தியபோது வராத அழுகை இப்போது வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு இன்னொரு பட்டறை தேடி, இன்னொரு முதலாளியிடம் கையைக் கட்டி நிற்க வேண்டும். டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

போகிறவள் சும்மா போகவில்லை. மேஜையில் ரத்தக்கறையோடு கிடந்த கன்னின் பேட்டரியைக் கழற்றினாள். அதை அலமாரியில், அங்கே ஏற்கெனவே இருந்த பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தாள். பேட்டரியோடு கன்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மணிக்கட்டுவரை கட்டுப் போட்டுக்கொண்டு உதயா இறங்கினான். முகம் வெளிறியிருந்தது.

"வாடா, வந்து குந்து," என்று கருணாகரன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இனிமே பயம் இல்ல. சாமி சந்தனத்த தொடச்சவள வேலைய வுட்டு நிறுத்திட்டேன்."

உதயா அவரைப் பார்க்கவில்லை. ரமாபாயின் தோளில் தொங்கிய டிபன் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"யக்கா தொடச்சது அவங்களோட கன்ன மட்டும்தான் அண்ணா," என்றான் அவன். "என் கைய அடிச்சது என்னோட கன்னு. அதயும் குடு, தொடச்சித் தரேன்னு யக்கா கேட்டுச்சி."

கட்டுப் போட்ட கையை மறைக்கப் பார்ப்பவன் மாதிரி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"பூஜை சாமான நீ தொடாதக்கான்னு நான்தான் சொன்னேன்."