ஆலோசனை அறையில் ஒரு படம்

உடைந்த பெஞ்சுகளை வெளியே தள்ளி, 'மாணவர் மனநல ஆலோசனை அறை' என்ற பலகையை மாட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆணியடித்த இடத்திலிருந்து சுண்ணாம்பு இன்னும் உதிர்கிறது. ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. மேலிடத்துக்கு இன்றே படம் அனுப்பியாக வேண்டும். ஆலோசகர் நாற்காலியில் விளையாட்டு ஆசிரியர், கழுத்து விசிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே உட்கார ஒரு முகம் வேண்டும். வராந்தாவில் போகும் மாணவிகளைத் தலைமையாசிரியை துணிக்கடையில் நிறம் பார்ப்பதுபோல் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கைகாட்டுகிறார். "இவளை உட்கார வைங்க. இவ மூஞ்சி எப்பவுமே சோகமாத்தான் இருக்கும்." கேட்பதற்கென்றே திறந்த அறையில், ஏன் என்று கேட்க ஆளில்லை. கணினி ஆசிரியர் செல்போனை உயர்த்துகிறார். "சாரைப் பார்த்து ஏதாவது பேசும்மா." அவள் நகத்தைக் கிள்ளியபடி மேசை விளிம்பைப் பார்க்கிறாள். "ரெண்டு வாரமா தூக்கமே வரல சார். எதுக்கு இருக்கணும்னு தோணுது." விளையாட்டு ஆசிரியரின் தலை, சொல்லிக்கொடுத்தபடியே, கனிவாக ஆடுகிறது. "அப்படியே இரு, அசையாத," என்கிறார் கணினி ஆசிரியர். தலைமையாசிரியை செல்போனை வாங்கிப் பார்க்கிறார். "பிரமாதம். நிஜமாவே பேசற மாதிரி இருக்கு. சரி, பெஞ்சையெல்லாம் உள்ள போடச் சொல்லுங்க."