மாங்கட்டைக் காளான்

மாங்கட்டையில் காளான் விட்டிருந்தது.

ஈரச் சாக்கை விலக்கிய மீரா உசேன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

முந்தின நாள் வெறும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்ததுதான். ராவோடு ராவாக விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, பாலாடை நிறத்தில் கொத்தாக நின்றது.

மனைவி ஹலீமாவைக் கூப்பிட வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து இது இரண்டாவது மழைக்காலம்.

அங்கே இருந்தவரை மனைவியோடு தினமும் போனில் பேச்சு. இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணம், யார் வீட்டில் கல்யாணம், மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று கேட்கக் கேட்க விஷயம் வந்துகொண்டே இருக்கும். ஊரோடு வந்த பிறகு பேச எதுவும் இல்லாமல் போயிற்று.

சண்டை ஒன்றும் இல்லை. ஹலீமா மேஜையில் அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைப்பாள். சமையலறைக்குள் போய்விடுவாள். பின்னால் அங்கேயே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். அவர் இல்லாத அத்தனை வருஷப் பழக்கம்.

மகன் சமீரும் மருமகள் தஹ்மீனாவும் அவர் கூடத்துக்கு வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது.

பக்கத்து வீட்டு மாமரம் காற்றில் சாய்ந்தபோது கனமான கிளைகளாகப் பார்த்து அறுத்து வாங்கிக்கொண்டார். செய்முறையெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். டிரில் மிஷினால் துளை போட்டு, காளான் விதையை அடைத்து, மேலே மெழுகை உருக்கி ஊற்றினார். மெழுகுவத்தி மெழுகு காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. சுவாமிமலைக்கு பஸ் ஏறி, சிலை வார்க்கிற பட்டறையில் கெஞ்சி ஒரு கட்டி மெழுகு வாங்கிவந்து மறுபடி மூடினார்.

கிணற்றடி நிழலில் கட்டைகளை அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். குடமுருட்டி ஆறு மணலாகக் கிடந்த கோடையிலும் அந்தச் சாக்கு காயவில்லை.

தஹ்மீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். கும்பகோணத்தில் பாக்கெட்டிலேயே கிடைக்கிறதே அத்தா என்றான் சமீர். ஹலீமா ஒரே ஒரு நாள் நின்று பார்த்தாள். கட்டையில் முளைப்பது நாய்க்குடைதானே, அதைத் தின்று செத்தவர்களை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் கிணற்றடிக்கு அவள் வந்தாலும் அந்த மூலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று மகனும் மருமகளும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கொத்தை நோகாமல் திருகிப் பறித்து, ஒரு தட்டில் பரப்பி, அடுப்பு மேடையில் கொண்டுபோய் வைத்தார். மிளகு போட்டு ஆணம் வைக்கலாம் என்றார்.

ஹலீமா தட்டையே பார்த்தாள். நிச்சயமாகச் சாப்பிடத்தான் போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் வெங்காயத்தை எடுத்தாள்.

பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது வாசல்வரை மிளகு மணத்தது. மேஜையில் போய் உட்கார்ந்தார். தட்டு வரவில்லை.

கேட்டதற்கு, சோறு இன்னும் வேகவில்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். பொறுங்கள் என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோதும் அதே பொறுங்கள்தான்.

அவருக்கு விளங்கிவிட்டது. கொட்டியிருப்பாள். இப்போது அவசர அவசரமாக முட்டை பொரித்துக்கொண்டிருப்பாள். அத்தனை மாதமாக நனைத்து நனைத்துப் பார்த்திருந்தது சாக்கடையில் போயிருக்கும்.

குவைத்தில் எட்டுப் பேர் படுத்த அறையில் பசியோடு கிடந்த நாட்கள் உண்டு. அப்போதுகூட இப்படித் தோன்றியதில்லை. அங்கே இருந்தபோது, போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பாவது இருந்தது.

எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார்.

சோறு எப்போதோ வடித்து, ஆவி அடங்கியிருந்தது. ஆணச் சட்டி மூடியபடி அப்படியே இருந்தது. ஹலீமா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், சாப்பிட்டு முடித்த தட்டு. அதன் விளிம்பில் ஒதுக்கிய கறிவேப்பிலையும் ஒரு துண்டு காளானும். கைகூடக் கழுவாமல், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டுங்க," என்றாள், முகத்தைத் திருப்பாமலே. "எனக்கு ஒண்ணும் பண்ணலன்னா அப்புறம் நீங்க சாப்பிடலாம்."

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்டார்.

"நீங்க இல்லாத வீட்டுல நான் இருந்து பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

அவர் சட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

காய்ந்துபோன எச்சில் கையால் ஹலீமா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நேரம் ஆகட்டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.