வலையின் உள்பக்கம்

ஊசியில் நூல் கோக்கவே நான்கு முறை முயல வேண்டியிருந்தது.

கண்ணில் கோளாறு இல்லை. அசதிதான். காலையிலிருந்து ஐம்பத்திரண்டு வீடு ஏறி இறங்கிய உடம்பு.

ஜன்னலின் நைலான் வலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஏணி பட்டுக் கிழிந்தது. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டதில் ஐப்பசி மழையே வந்துவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே மகள் இலக்கியா படுத்திருந்தாள். எட்டாம் வகுப்பு. மூன்றாம் நாள் காய்ச்சல்.

காலையில் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டெங்குவா இல்லையா என்று நாளை பத்து மணிக்குத்தான் தெரியும்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். லீவு கேட்டுப் பார்த்தாள். காய்ச்சல் சீசனில் கொசு ஒழிப்புப் பணியாளருக்கு ஏது லீவு என்றார் சூப்பர்வைசர். சொன்னவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

தோளில் பை, கையில் டார்ச், ஒரு நீளக் கரண்டி. தெருத் தெருவாகப் போய்த் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. பார்த்த பிறகு, வாசலில் தொங்கும் அட்டையில் தேதி போட்டு, 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பாதிப் பேர் கதவை முழுதாகத் திறக்கவே மாட்டார்கள்.

"எங்க வீட்ல கொசுவே இல்லம்மா."

அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி சேர்ற ட்ரே இருக்கும்ல, அதப் பாத்தீங்களாம்மா?"

இதை இலக்கியா அப்படியே நடித்துக் காட்டுவாள். தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் சாம்பார்க் கரண்டி, அதே இழுவை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

பழைய வலையில் ஒரு துண்டு வெட்டிக் கிழிசலின் மேல் வைத்தாள். சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தாள்.

ஒரு தையலுக்கு ஒரு திட்டு. தன்னைத்தான். ஊருக்கெல்லாம் வலை அடிக்கச் சொல்கிறவள், பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் பத்து மாதமாக ஓட்டையை விட்டு வைத்திருக்கிறாள்.

முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

இலக்கியா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சுது. இனிமே ஒண்ணுகூட உள்ள வராது. தூங்கு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

அப்படியே சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

வலையில் ஒரு கொசு உட்கார்ந்தது.

காலில் வெள்ளை வளையங்கள்.

அடிக்கக் கையை ஓங்கியவள் பாதியில் நிறுத்தினாள். விரலை மெல்ல நீட்டினாள். அது பறந்து, அவள் காதோரம் சுற்றி, திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

உள்பக்கம்.

பக்கத்தில் இன்னொன்று. அதுவும் உள்பக்கம்தான். புதிய ஒட்டின் ஓரமாக ஏறிப் போய், முட்டி, இறங்கியது. உள்ளே வர அல்ல, வெளியே போகத்தான் வழி தேடிக்கொண்டிருந்தது.

இந்த டெங்குக் கொசு பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் பறக்காது. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. அவளும் நூறு வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் தொட்டி கிடையாது. டிரம்முக்கு இறுக்கமான மூடி. பூந்தொட்டி வைக்க இடமே இல்லை.

சமையல் மூலையைப் பார்த்தாள்.

எழுந்திருக்கவில்லை. கால் வலிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வலித்தது உண்மைதான். அதைவிட, போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுப்பதற்குள் மூச்சு வாங்கியது. இந்த வீட்டுக்கு வந்த நாளில் தள்ளி வைத்தது. அதற்குப் பிறகு நகர்த்தவே இல்லை.

பின்னால் ட்ரே. நிறையத் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுக்க நெளிந்தது.

ட்ரேயைச் சிந்தாமல் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய், காய்ந்த மண்ணாகப் பார்த்துக் கொட்டினாள். ஊரார் வீட்டில் சொல்லித்தரும் அதே மாதிரி.

நிமிர்ந்தபோது முகத்துக்கு நேரே அட்டை தொங்கியது.

இந்தத் தெருவும் அவள் பொறுப்புதான். வெள்ளிக்கிழமைகளில் கடைசி வீடு இதுதான். வருவாள், செருப்பைக் கழற்றும் முன் எழுதிக் கையெழுத்துப் போடுவாள், உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். சொந்த வீட்டைப் போய் யார் சோதனை போடுவார்கள்?

மேலிருந்து கீழ் வரை 'புழு இல்லை'. எல்லாம் அவள் எழுத்து. கடைசி வரியில் இன்றைய தேதி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்டது.

பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் 'இல்லை'யை அடித்தாள். 'உண்டு' என்று எழுதினாள். மேலே இருந்த வரிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அட்டை கதவில் தட்டிய சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"வாசல்ல யாரும்மா?"

பேனாவை மூடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கொசு பாக்க வந்திருக்காங்க."

உள்ளே பாய் சரசரத்தது. காய்ச்சல் குரலில், அதே இழுவையில், இலக்கியா கேட்டாள்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாத்தீங்களாம்மா?"

அவள் காலி ட்ரேயை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றாள்.