நறநறவென்று ஒரு சத்தம்

"வேகத்தடை வந்து கியர் இறங்கும்போதெல்லாம் நறநறன்னு ஒரு சத்தம் வருதும்மா. இவன் காதுலயே வாங்க மாட்டேங்கறான்" என்று மெக்கானிக் ரோஸ்லினிடம் அப்பாதான் முறையிட்டார். ஞானபாலன் கடுகடுப்பாகப் பக்கத்தில் நின்றான்.

ரோஸ்லின் கியர் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. "என்ன சத்தம்னு நீயே சொல்லிடு" என்று காரிடம் கேட்டாள்.

ஆறு மாதமாகக் காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்த கார் பணிவாகப் பேசியது.

"கியரில் பழுது இல்லை. வேகத்தடை வந்ததும் பின்சீட்டுப் பெரியவர் 'பாத்து, மெதுவா' என்கிறார். உடனே ஓட்டுபவர் பல்லைக் கடிக்கிறார். அந்தச் சத்தம்தான்."

ரோஸ்லின் கை துடைக்கத் துணி தேடுவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டாள். ஞானபாலனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லல்ல, அது போதும்" என்றபடி அப்பா ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏழு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் ஞானபாலன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். அப்பா வாயே திறக்கவில்லை.

வாசலில் நின்றதும் கார் சொன்னது: "சத்தம் சரியாகிவிட்டது."