பட்டன் வைத்த டப்பாக்கள்

"டப்பாவுக்கெல்லாம் பட்டன் வச்சிருக்கீங்களே, அதுங்களுக்கு என்னப்பா, குளிருதா?"

சமையலறை அலமாரியின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மகள் கேட்டாள். சர்க்கரை டப்பாவின் மேல் ஒரு பெரிய பட்டன். உப்பு டப்பாவின் மேல் இரண்டு சின்னப் பட்டன்கள். காபித்தூள் டப்பாவில், பூட்டு தொலைந்துபோன ஒரு சாவி. எல்லாம் பசை போட்டு அழுத்தமாக ஒட்டியிருந்தது.

"மெதுவாப் பேசும்மா. அம்மா இப்பத்தான் படுத்தா," என்றார் அப்பா.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தாள். வெளியூரில் வேலை கிடைத்துப் போனவளுக்கு முதல் வருடம் லீவே இல்லை. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், கேமரா கெட்டுப்போச்சு என்று அப்பா ஒரே பல்லவி பாடினார். பணிமனையில் பஸ் எஞ்சினையே பிரித்து மாட்டிய மனுஷனுக்கு ஒரு போனைச் சரிபண்ண முடியவில்லையாம்!

"இது என் ஸ்கூல் கோட்டுப் பட்டன்தானே?"

"ஆமா. கோட்டு உனக்குப் பத்தாது. பட்டன் என்ன பாவம் பண்ணிச்சு? தூக்கிப் போட மனசு வரல."

கூடம் இன்னும் மோசம். படுக்கையறை வாசலில் தொடங்கி சமையலறை வரைக்கும், சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புத் துணிப்பட்டை ஆணியடித்து ஓடியது. அப்பாவின் வாலிப காலத்து கார்டுராய் பேன்ட்! அதைப் போட்டுக்கொண்டுதான் பெண் பார்க்கவே வந்தாராம். அந்த போட்டோவைக் காட்டி அம்மா சிரிக்காத நாளில்லை.

குளியலறைக் கைப்பிடிக்கு அவளுடைய குட்டி ஸ்வெட்டரின் கை. பால்கனிக் கதவில் பழைய ஸ்பூன்களைக் கோத்த சரம். காற்று வந்தால் கிணுகிணுத்தது. மேஜையின் முனைகளில் அவளுடைய மழைக்காலச் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர். தவழும் குழந்தை இருக்கிற வீடு தோற்றது போங்கள்.

அவளுக்கு நினைவிருந்த வீடு வேறு. பிரம்பு நாற்காலி நடுக்கூடத்தில் இருக்கும், அதன் மேல் அம்மா பூத்தையல் போட்ட மெத்தை இருக்கும். பூச்சாடி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். "யாரு கை வச்சது?" என்று அவள் கேட்கும்போது, அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள். அந்தத் திட்டைக் கேட்கத்தான் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள்.

"அம்மா எப்படிப்பா இதுக்கு ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டாளாவா? எது எங்க வரணும்னு சொன்னதே அவதான். பட்டன் யோசனைகூட அவளோடதுதான்."

"சும்மா அளக்காதீங்க. போன்ல ஒரு வார்த்தை சொல்லலையே!"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"அவ எழுந்திருக்கட்டும். அவளே சொல்லுவா. காபி போட பால் இல்ல, வாங்கிட்டு வந்துடறேன்."

பையை எடுத்தார். அதுவும் அவளுடைய பழைய யூனிஃபார்ம் பாவாடை. வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே, கண்ணு. எடுத்த இடத்துலயே வச்சுடறேன்னுகூட எடுக்காதே. தொடவே தொடாதே."

சரி என்று தலையாட்டினாள். அவர் தலை மறைந்ததும் துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். பாவம் அம்மா! சண்டை போட்டு அலுத்துப்போய் விட்டுக்கொடுத்திருப்பாள். எழுந்து வரும்போது அவளுடைய வீடு பழையபடி இருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்பூன் சரத்தைச் சத்தம் வராமல் கைக்குள் சுருட்டி இறக்கினாள். கத்தி முனையால் பட்டன்களை நெம்பினாள். கார்டுராய் பட்டையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஸ்வெட்டர் கையை உருவியபோது மட்டும் ஒரு நிமிடம் அதை முகர்ந்து பார்த்தாள். பீரோவிலிருந்த பூமெத்தையைத் தேடி எடுத்து, சுவரோரம் ஒதுக்கிக் கிடந்த பிரம்பு நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்து அதன் மேல் போட்டாள். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. பழசெல்லாம் சாக்குப்பையில் கட்டி வாசலோரம் உட்கார்ந்திருந்தது.

பாலோடு வந்த அப்பா சாக்குப்பையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கே..."

"உஷ்!" என்று விரலை உதட்டில் வைத்தாள் மகள். படுக்கையறைக் கதவு திறந்துகொண்டிருந்தது.

அம்மா வந்தாள். அதே வழித்துச் சீவிய தலை. அதே நிமிர்ந்த நடை. சின்ன வயதில் ஒளிந்திருந்து எதிரே குதிப்பாளே, அதைப்போல மகள் ஓசைப்படாமல் அம்மாவுக்கு நேர் எதிரே போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி நின்றாள்.

அம்மாவின் கை சுவருக்குப் போனது. இடுப்பு உயரத்தில் தடவியது. வெறும் சுவர். கை பின்னால் வந்து மறுபடி தடவியது.

பிறகு, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மகளின் முகத்துக்கு நேராகவே காற்றைத் துழாவிக்கொண்டு அம்மா கூப்பிட்டாள்:

"ஏங்க... சுவத்துல இருந்த துணி எங்கங்க? நான் யார் வீட்டுல நிக்கிறேன்?"