சோடாவின் எடை

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும், பின்பக்கம் கட்டியிருந்த சோடாவின் ஊளை சட்டென்று நின்றது. சோடா ஒரு பீகிள் நாய். புது ஆள் வந்தால் தெருவே கேட்க ஊளையிடும். தெரிந்த வாசனை கிடைத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு மூக்கு போன வழியில் போகும். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். நிறைமதி இரண்டு மணி நேரம் கூட்டிப்போனாள். அப்படியும் சோடாவின் எடை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பது அவள் அப்பா தணிகாசலத்துக்கு விளங்கவே இல்லை.

"எங்க இளம்பரிதி இந்த ஏரியா பக்கமே வந்ததில்லீங்க. தரகர் ஜாதகம் கொண்டாந்துதான் உங்களையே தெரியும்" என்றார் பையனின் அம்மா. காபி கொடுத்த நிறைமதி தரையைப் பார்த்தாள். இளம்பரிதி கூரையைப் பார்த்தான்.

சோடா கட்டை அவிழ்த்துக்கொண்டு சங்கிலியோடு வந்து சேர்ந்தது. நேராக அவனுடைய பேண்ட் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டுத் துழாவியது.

"சும்மா இரு சோடா" என்றான் இளம்பரிதி.

அந்தப் பெயரை அங்கே யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

சோடா மூக்கை வெளியே எடுத்தது. நுனியெல்லாம் பிஸ்கட் தூள். சங்கிலியின் முனையைக் கவ்வி அவன் மடியில் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது.

தணிகாசலம் அந்தத் தூளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட்ட மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க மாப்பிள்ள" என்றார். "டாக்டர் என்னையில்ல திட்டுறாரு."